கருத்தரிக்கக் காத்திருக்கும் வீட்டில் எந்த எண்ணெய், எவ்வளவு?

நான் வயதுக்கு வந்தபோது, பாட்டி தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உடைத்து என் வாயில் ஊற்றுவாள். அப்புறம் அதே ஓட்டில் நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்கச் சொல்வாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால்தான் உளுந்தங்களி. இடுப்புக்கும் கருப்பைக்கும் பலம் என்பாள். அதே எனக்கு 28 வயதில், கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி (பிசிஓஎஸ்) என்று வந்ததும், சொந்தக்காரர்கள் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எண்ணெயை நிறுத்து.

நிறுத்தினேன். தோசைக்கு நான்ஸ்டிக் கல், காய்க்கு ஆவி, தாளிப்பே கிடையாது, முட்டையின் மஞ்சள் கரு குப்பைக்கு, கூடவே காலையில் ஒரு மணி நேர ஓட்டம். முதல் ஐந்து கிலோ குறைந்ததும் 45 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பீரியட்ஸ் 33 நாளுக்கு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் குறைத்தால் இன்னும் நல்லது என்று நானே முடிவு கட்டி அடுத்த ஆறு கிலோவையும் குறைத்தேன், மூன்று மாதம் எதுவுமே வரவில்லை. டாக்டர் ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். படித்துவிட்டு, "இதில் கொழுப்பு எங்கேம்மா?" என்றார். நான் பெருமையாக, "இல்லவே இல்லை டாக்டர்" என்றேன்.

அந்தப் பதிலுக்கு வாங்கிய திட்டும் அதன் பிறகு தேடிப் படித்ததும் என் அடுப்படியில் மாற்றியதும்தான் இங்கே இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள், சர்க்கரை, தைராய்டு, பித்தப்பைக் கல் இருப்பவர்கள் மாற்றுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கொழுப்பு ஏன் வேண்டும்?

ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டுமே கொலஸ்ட்ராலிலிருந்துதான் உருவாகின்றன. உடனே "அப்படியானால் நெய்யை அள்ளி ஊற்று" என்று கிளம்ப வேண்டாம், உடம்புக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. உண்மையான சிக்கல் வேறு இடத்தில். உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அது மூளைக்குப் போய் "வீட்டில் அரிசி இருக்கிறது" என்று சொல்கிறது. சேமிப்பு கரைந்து, சாப்பாடும் குறைந்து, ஓட்டமும் கூடினால், இந்த நேரத்தில் ஒரு குழந்தையைத் தாங்க முடியாது என்று மூளை கணக்குப் போட்டு, கருமுட்டை வளர்க்கும் வேலையை நிறுத்தி வைத்துவிடுகிறது. 1974இல் ரோஸ் ஃபிரிஷ், ஜேனட் மெக்ஆர்தர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மாதவிடாய் ஒழுங்காக வர உடல் எடையில் சுமார் 22 சதவீதம் கொழுப்பாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த 22 எல்லோருக்கும் அச்சுப் பிசகாமல் பொருந்தாது, ஆனால் ஓட்டப்பந்தய வீராங்கனைகளுக்கும் பாலே நடனக்காரிகளுக்கும் மாதவிடாய் நின்றுபோவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

நீர்க்கட்டியில் கதை எதிர்ப்பக்கம். அங்கே பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், உடம்பு அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது, கருமுட்டை பாதி வளர்ச்சியிலேயே, வெடித்து வெளிவராமல், நின்றுவிடுகிறது. எடை அதிகமுள்ளவர்களுக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெடிக்க ஆரம்பிக்கும். 70 கிலோ என்றால் மூன்றரையிலிருந்து ஏழு கிலோ. அதற்கு எண்ணெயை மட்டும் குற்றவாளி ஆக்குவது தப்பு. மூன்று தட்டு வெள்ளைச் சோறும், சர்க்கரை போட்ட காபி நாலு டம்ளரும் அப்படியே இருக்கும்போது தாளிப்பை நிறுத்தி என்ன பயன்? 2023இல் வந்த நீர்க்கட்டிக்கான சர்வதேச வழிகாட்டுதலும், இன்ன உணவுமுறைதான் மற்றதைவிடச் சிறந்தது என்று எதையும் சொல்லவில்லை. உங்களால் விடாமல் கடைப்பிடிக்க முடிகிற சத்தான சாப்பாடு எதுவோ, அதுதான்.

முதலில் வெளியே போக வேண்டியது

அமெரிக்காவில் நர்ஸ்களை வைத்து 1989இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. அதில் குழந்தைக்கு முயன்ற 18,555 பெண்கள் சாப்பிட்ட கொழுப்பைப் பிரித்துப் பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் கொழுப்பு எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதற்கும், முட்டை வெளிவராததால் வரும் குழந்தையின்மைக்கும் தொடர்பே தெரியவில்லை. கொலஸ்ட்ராலுக்கும் அப்படித்தான். ட்ரான்ஸ் கொழுப்பு மட்டும் தனியாகத் தெரிந்தது: ஒரு நாள் சக்தியில் 2 சதவீதம் மாவுச்சத்துக்குப் பதிலாக ட்ரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தால், அந்த வகைக் குழந்தையின்மை 73 சதவீதம் அதிகம். 1,800 கலோரி சாப்பிடும் பெண்ணுக்கு அந்த 2 சதவீதம் என்பது 4 கிராம். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. பெண்களைப் பல வருடம் கவனித்துச் சொன்ன கணக்கு இது, ட்ரான்ஸ் கொழுப்பால்தான் வந்தது என்று நிரூபித்த சோதனை அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உடம்புக்கு எந்த நன்மையும் செய்யாத ஒன்றை விடுவதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தேவைப்படவில்லை.

ட்ரான்ஸ் கொழுப்பு எங்கே இருக்கிறது? திரவமாக இருக்கும் எண்ணெயில் ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றிக் கெட்டியாக்கும்போது உருவாகிறது. டால்டா என்று நாம் பொதுவாகச் சொல்கிற வனஸ்பதி அப்படி வந்ததுதான். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் ட்ரான்ஸ் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறது, நல்ல விஷயம். ஆனாலும் பெயரில்லாத டின்னில் வரும் கொழுப்பைப் போட்டுப் பிசையும் கடையில் யார் போய் அளந்து பார்க்கப் போகிறார்கள்? பஃப்ஸ், கிரீம் பன், ஐசிங் கேக், கிரீம் பிஸ்கட், ரஸ்க், பரோட்டா இந்த வரிசையை மூன்று மாதத்துக்கு வீட்டுக்குள் விடாதீர்கள். பாக்கெட்டில் வாங்கும் எதையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள், "ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்" என்று இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முன்பக்கம் கோதுமை படமும் பச்சை இலையும் போட்டிருப்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

பஃப்ஸ் தின்றபின் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒட்டுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? வாய்ச் சூட்டில் உருகாத கெட்டிக் கொழுப்பு அது. ட்ரான்ஸா பனங்கொழுப்பா என்று நாக்கால் சொல்ல முடியாது, இரண்டுமே தினசரி டீ நேரத்துக்கு வேண்டாம்.

அடுத்தது திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய். காய்கிற ஒவ்வொரு முறையும் எண்ணெய் உடைந்து கெடுகிறது. அந்தக் கெட்ட பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கே பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இங்கே விதி. தள்ளுவண்டியில் பஜ்ஜி சட்டியைப் பாருங்கள், எண்ணெய் கருத்து, மேலே நுரை அடங்காமல் நின்றால் அப்படியே நடையைக் கட்டுங்கள். வீட்டில் தீபாவளி முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ தீர்த்துவிடுங்கள், மறுபடி பொரிக்க வேண்டாம். இதற்கு ஒரே தந்திரம், பொரிக்கும்போது சின்ன இரும்புச் சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றுவது. பெரிய வாணலியில் ஊற்றினால் மீதி நிறைய இருக்கும், கொட்ட மனசு வராது.

சட்டியில் என்ன ஊற்றுவது?

கடலை எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி, ஆலிவ் எண்ணெயில் பெயர் வாங்கிய அதே ஒலீயிக் அமிலம்தான். நல்லெண்ணெயில் அது சுமார் 40 சதவீதம், ஒமேகா 6 அதே அளவு. சூரியகாந்தியில் பெரும்பகுதி ஒமேகா 6. தேங்காய் எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ரேஷனில் கிடைக்கும் பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாக.

நான் செய்வது: கடலை எண்ணெய் ஒரு பாட்டில், நல்லெண்ணெய் ஒரு பாட்டில், பொரியலும் தோசையும் முதலாவதில், குழம்பும் இட்லிப் பொடியும் இரண்டாவதில். சூரியகாந்தி விஷம் என்று வீடியோ போடுகிறவர்களை நம்ப வேண்டாம், ஆனால் வீட்டில் அது ஒன்று மட்டுமே என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். கன்னியாகுமரிப் பக்கத்தவர்கள் தேங்காய் எண்ணெயை அவியலுக்கும் மீனுக்கும் கடைசியில் ஒரு ஸ்பூன் வாசத்துக்கு ஊற்றினால் போதும். ரேஷன் பாமாயில்தான் கட்டுப்படியாகும் என்றால் வெட்கப்படவும் வேண்டாம் பயப்படவும் வேண்டாம், அளவைக் குறைத்து, மீதியாகும் காசில் ஒரு கடலை எண்ணெய் பாக்கெட். செக்கு எண்ணெய் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், வாசனை அருமை. அதற்காக "கர்ப்பப்பைக்கு நல்லது" என்று இரண்டு மடங்கு விலை சொன்னால், உள்ளே இருக்கும் கொழுப்பு அமிலங்கள் ஏறக்குறைய அதேதான் என்பதை நினைவில் வையுங்கள்.

எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் போட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பாட்டில் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்கிறது. ஆறு டீஸ்பூன். இதைத் தினமும் அளக்க யாராலும் முடியாது, நானும் நாலே நாளில் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் பாக்கெட்டைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று போட்டிருக்கும். இருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆளுக்கு 27 என்றால் ஒரு பாக்கெட் 17 நாள் வர வேண்டும். வெட்டும் தேதியை பாக்கெட் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் முதல் தடவை 9 நாளில் தீர்ந்தது. யார் குடித்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், குற்றவாளி ஞாயிற்றுக்கிழமைப் பூரியும் கத்திரிக்காய் வதக்கலும்தான். கத்திரிக்காய் எண்ணெயைப் பஞ்சுபோல் உறிஞ்சும், உப்புப் போட்டு ஒரு கொதி வேகவைத்துவிட்டு வதக்கினால் ஒரு ஸ்பூனில் முடிந்துவிடுகிறது.

மத்தி

இந்தப் பகுதியைத்தான் நீட்டி எழுத ஆசை. ஒமேகா 3 கொழுப்பில் உடம்பு நேரடியாகப் பயன்படுத்துவது டிஹெச்ஏ, இபிஏ இரண்டும். கருவில் உள்ள குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் டிஹெச்ஏ வேண்டும், கர்ப்ப காலத்தில் தினம் 200 மில்லிகிராம் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. ஆனால் மீனின் பயன் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்குகிறது. மாதவிடாய் வலியைக் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின்கள் ஒமேகா 6இலிருந்து வருபவை, ஒமேகா 3 அந்த வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. அதே நர்ஸ்கள் ஆய்வில் 2010இல் எண்டோமெட்ரியோசிஸை (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) பார்த்தபோது, ஒமேகா 3 அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அந்த நோய் 22 சதவீதம் குறைவாகவும், ட்ரான்ஸ் கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 48 சதவீதம் அதிகமாகவும் கண்டறியப்பட்டிருந்தது.

இதற்கு சால்மன் தேடி சூப்பர் மார்க்கெட் போக வேண்டியதில்லை. மத்தி, குமரியில் சாளை என்பார்கள், அப்புறம் கானாங்கெளுத்தி, நெத்திலி. வாரம் இரண்டு நாள் போதும். மத்தியை எண்ணெயில் பொரித்தால் மீனின் கொழுப்பு சட்டியில் போய், சட்டியின் எண்ணெய் மீனுக்குள் வரும், வியாபாரம் நஷ்டம். குழம்பு வையுங்கள். மண்சட்டியில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் எல்லாம் கொதித்து வற்றி வந்த பிறகு மீனைப் போட்டு, கரண்டி போடாமல் சட்டியை மட்டும் சுற்றி ஆட்டினால் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். மேலே பொன்னிறத்தில் ஒரு படலம் மிதக்கும், நாம் ஊற்றிய அரை ஸ்பூனுக்கு அவ்வளவு வராது, அதில் பெரும்பாலும் மீன் விட்ட எண்ணெய். அதை வழித்து ஒதுக்காதீர்கள், நீங்கள் மீன் வாங்கியதே அதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்து வைத்திருக்கும். பெரிய சுறா, கொப்பரை மீன், பெரிய சூரை வேண்டாம். வஞ்சிரமும் பெரிதாக வளரும் மீன், எப்போதாவது ஒரு துண்டோடு சரி. சுறாப்புட்டு பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க என்று நம் ஊரில் கொடுப்பார்கள், மாமியாரிடம் சண்டை போடாமல் நெத்திலிப் புட்டாக மாற்றிச் சமாளியுங்கள், கிட்டத்தட்ட அதே மசாலாதான்.

மீன் தொடாதவர்களுக்கு ஆளி விதை. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் வந்த வழியே போய்விடும், பொடித்தால்தான் பயன். வெறும் சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை லேசாக வறுத்து, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், துளி புளி, உப்புச் சேர்த்து இட்லிப் பொடியாக அரைத்து, ஒரு வாரத்துக்கு மட்டும், ஃபிரிட்ஜில். நாளுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியில் ஒன்றரை கிராம் அளவுக்குத் தாவர ஒமேகா 3 இருக்கிறது. ஆனால் அதில் மிகச் சிறிய பங்குதான் டிஹெச்ஏவாக மாறும். அதனால் சைவக்காரர்கள் கடற்பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காட் லிவர் ஆயில் மாத்திரையை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள், அதில் வைட்டமின் ஏ சேர்ந்து வரும், அது அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல்.

பால், நெய், எள்

பாலில் ஒரு வேடிக்கை. அதே நர்ஸ்கள் ஆய்வில், கொழுப்பு நீக்கிய பால் பொருட்களை அதிகம் சாப்பிட்ட பெண்களுக்கு முட்டை வெளிவராத சிக்கல் கூடுதலாகவும், முழுக் கொழுப்புப் பால் தினம் ஒரு வேளையாவது எடுத்தவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு ஆரஞ்சுப் பாக்கெட்டுக்கு ஓடுகிறார்கள். அமெரிக்காவில் முழுப் பால் என்றாலே கொழுப்பு 3.25 சதவீதம்தான். நம் ஆவின் நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலமோ பச்சையோ எதை வாங்கிக்கொண்டிருக்கிறீர்களோ அதையே வாங்குங்கள், ஏடு எடுக்காமல் தயிருக்கு உறை ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

நெய் நாளுக்கு ஒரு டீஸ்பூன், பருப்புச் சாதத்தில், அந்த ஆறு டீஸ்பூன் கணக்குக்குள். மஞ்சள் கருவைக் குப்பையில் போடாதீர்கள். எள் சூடு, கரு தங்காது என்பார்கள். சமையலில் சேரும் அளவு எள்ளாலும் நல்லெண்ணெயாலும் கரு கலையும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மாதத்தின் முதல் பாதிக்கு ஆளியும் பூசணி விதையும், இரண்டாம் பாதிக்கு எள்ளும் சூரியகாந்தி விதையும் என்று ஒரு பழக்கம் இப்போது ஓடுகிறது. விதைகள் நல்லவைதான், காலண்டர் பார்த்துத் தின்பதற்குத்தான் பெரிய ஆதாரம் இல்லை. பாட்டியின் பச்சை முட்டையும் வேண்டாம், கிருமி பயம் உண்டு, அவித்தே தின்னலாம்.

எத்தனை நாளில் தெரியும்?

ஒரு முட்டை கடைசிக் கட்ட வளர்ச்சிக்குச் சுமார் மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது, ஆகவே இன்று மாற்றியதற்கு அடுத்த மாத ஃபாலிக்குலர் ஸ்டடியில் (கருமுட்டை வளர்வதைப் பார்க்கும் ஸ்கேன்) பதில் தேடாதீர்கள். அதேபோல், கருக்குழாய் அடைப்பை எந்த எண்ணெயும் திறக்காது, ஏஎம்ஹெச் (சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹார்மோன்) குறைந்ததை எந்த மீனும் கூட்டாது, வயதைத் திருப்பவும் முடியாது. 35 வயதுக்குள் ஒரு வருடம், 35 தாண்டினால் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். பீரியட்ஸே ஒழுங்காக வரவில்லை என்றால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் முயற்சி தொடங்கும் முன்பிருந்தே தினமும் போட வேண்டும், இதற்கு ஈடாகச் சமையலில் எதுவும் இல்லை.

அப்புறம் கணவர். குழந்தை நிற்காத தம்பதிகளில் சுமார் பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கும். மேலே சொன்ன சாப்பாடு முழுவதும் அவருக்கும் சேர்த்துத்தான், நீங்கள் ஆவியில் வெந்த காயைத் தின்ன அவர் ஆபீஸ் வாசலில் பஃப்ஸ் தின்பது நியாயமில்லை. விந்தணுப் பரிசோதனை ஒரு நாள் வேலை, ஊசிகூடக் கிடையாது. என் வீட்டில் அதற்குச் சம்மதம் வாங்க ஒன்றரை வருடம் ஆனது, அதற்குள் எனக்கு ஐந்து ஸ்கேன் முடிந்திருந்தது. நீங்கள் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.